இனிப்பு நீரும் பதினான்கு வயதும்

நம்மவர் வீடுகளில் இனிப்பு நீர் என்றால் யாருக்கும் விளக்கம் தேவைப்படுவதில்லை. தோட்டத்தில் பால்மரம் சீவிய தாத்தாவுக்கு இருந்தது. பாட்டிக்கு இருக்கிறது. மாமாவுக்குக் கால் விரலை எடுத்துவிட்டார்கள். மாத்திரை, சீனி போடாத தேநீர், வாரம் இரண்டு முறை பாகற்காய் என்று அந்நோயோடு குடித்தனம் நடத்திப் பழகிவிட்ட சமுதாயம் இது. அதே வீட்டில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இனிப்பு நீர் என்று மருத்துவர் சொல்லும்போது, தாத்தாவுக்கு வந்ததுதான் பேத்திக்கும் வந்திருக்கிறது என்று குடும்பமே எண்ணிக்கொள்கிறது. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

இந்த வயதில் வருவது பெரும்பாலும் முதல் வகை நீரிழிவு. உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியே தவறுதலாகக் கணையத்தைத் தாக்கி, இன்சுலின் சுரக்கும் அணுக்களை அழித்துவிடுவதால் ஏற்படுவது. மிட்டாய் தின்றதாலோ மிலோ குடித்ததாலோ வருவதன்று. தாத்தாவின் உடலில் இன்சுலின் உண்டு, அது சரியாக வேலை செய்வதில்லை. பேத்தியின் உடலில் இன்சுலினே இல்லாத நிலை. அவள் ஊசியை நிறுத்திவிட்டு நாட்டு மருந்தை நம்பினால், ஓரிரு நாளிலேயே இரத்தத்தில் அமிலம் சேர்ந்து உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

உடலைப் பற்றிய இந்தப் பாடத்தை மருத்துவமனையிலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். மனத்தைப் பற்றிய பாடம்தான் வீடு வந்து சேருவதில்லை.

ரஹாங் வட்டாரத்தில் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். தோட்டம் துண்டாடப்பட்டபோது வெளியேறி வந்தவர்கள். அப்பாவும் அம்மாவும் செனவாங் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை. மகள் படிவம் இரண்டில் படிக்கிறாள். காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன் விரலைக் குத்தி இரத்தம் பார்த்து, சாப்பாட்டின் அளவைக் கணக்கிட்டு, வயிற்றிலோ தொடையிலோ ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். மதியம், இரவு, படுக்கும் முன் என்று நாளைக்கு நான்கு ஊசி. வருடத்திற்கு 1,460. பத்து வயதில் நோய் வந்த பிள்ளை எஸ்பிஎம் எழுதும் பதினேழாவது வயதில் பத்தாயிரம் ஊசியைத் தாண்டியிருக்கும். தீபாவளி, தைப்பூசம், பள்ளி விடுமுறை எதற்கும் இதற்கு லீவு கிடையாது.

வலியைவிட, இந்த ஓயாத கணக்குத்தான் பிள்ளையைக் களைப்படையச் செய்கிறது. 1995-ஆம் ஆண்டு அமெரிக்க மனோவியலாளர்கள் இதை அளக்க ஒரு கேள்வித்தாளையே உருவாக்கினார்கள். மனச்சோர்வு நோய் வேறு, நீரிழிவோடு மல்லுக்கட்டுவதால் வரும் சலிப்பு வேறு என்பதே அதன் அடிப்படை. மனச்சோர்வும் பதற்றமும் இந்தப் பிள்ளைகளிடம் மற்றவர்களைக் காட்டிலும் அதிகம். ஆனால் மனச்சோர்வே இல்லாத பிள்ளைகூட, “எனக்கு மட்டும் ஏன்?” என்று ஒருநாள் ஊசியைத் தூக்கி வீசிவிடலாம்.

பெற்றோர் பலருக்குப் புரியாத இன்னொன்றும் இருக்கிறது. பருவ வயதில் சுரக்கும் வளர்ச்சி ஹார்மோன் இன்சுலினுக்கு எதிராக வேலை செய்கிறது. பருவமடையும் முன் கிலோ எடைக்கு நாளொன்றுக்கு ஒரு யூனிட்டுக்குள் அடங்கிய இன்சுலின் தேவை, பருவ காலத்தில் 1.2 யூனிட்டைத் தாண்டி, சிலருக்கு இரண்டு வரை ஏறுகிறது. சென்ற ஆண்டு சரியாக இருந்த அளவு இந்த ஆண்டு போதாமல் போவது பிள்ளையின் குற்றமல்ல. 1983 முதல் 1993 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த பெரிய ஆய்வொன்றில், மருத்துவக் குழுவே கூட இருந்து தீவிரமாகக் கவனித்தும், பெரியவர்களின் மூன்று மாத சராசரி (எச்பிஏ1சி) 7 விழுக்காட்டளவில் நின்றது. 13 முதல் 17 வயதினருக்கு 8 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கவில்லை. அத்தனை கவனிப்பிலும் அப்படியென்றால், ஷிப்ட் முடிந்து வரும் அம்மா மீட்டரைப் பார்த்ததும் “என்னத்த தின்ன? ஏன் இவ்வளவு ஏறியிருக்கு?” என்று கேட்பது எவ்வளவு நியாயம்?

அந்தக் கேள்வியை நாலு தடவை கேட்ட பிள்ளை ஐந்தாம் தடவை பொய் எண்ணைச் சொல்லக் கற்றுக்கொள்கிறது. அல்லது சோதனையையே நிறுத்திவிடுகிறது. அரசாங்க மருத்துவமனையில் இன்சுலினுக்குப் பெரிய செலவில்லை. இரத்தம் பார்க்கும் பட்டைகளைத்தான் பல குடும்பங்கள் கைப்பணம் போட்டு வாங்குகின்றன. வீட்டுக் கஷ்டம் தெரிந்த பிள்ளை அதை மிச்சம் பிடிக்கப் பார்ப்பதும் உண்டு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் அலட்சியமாகவே தெரியும்.

மறைப்பது என்றதும் எலிசபெத் ஹியூஸின் கதை நினைவுக்கு வராமல் இருக்காது. அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்தவரின் மகள். 1919-இல், பதினொரு வயதில், நோய் கண்டது. அன்று மருந்தே இல்லை, பட்டினிதான் வைத்தியம். 1922 ஜனவரியில் கனடாவின் டொரொன்டோவில் சிறுவன் லெனர்ட் தாம்சனுக்கு உலகில் முதன்முதலாக இன்சுலின் ஊசி போடப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில், எலும்பும் தோலுமாக இருந்த எலிசபெத்தும் டாக்டர் பேண்டிங்கிடம் வந்து சேர்ந்தார். பிழைத்தார், மணம் முடித்தார், மூன்று பிள்ளைகளைப் பெற்றார், 1981 வரை வாழ்ந்தார். வாழ்நாளில் ஏறக்குறைய 42,000 ஊசி போட்டுக்கொண்டவர், தமக்கு அந்நோய் இருப்பதை நெருங்கிய சிலரைத் தவிர யாரிடமும் சொல்லவே இல்லை. நோயை வென்றவருக்கே அதை வெளியில் சொல்ல மனம் வரவில்லை. கிரிக்கெட் வீரர் வாசிம் அக்ரம் 1997-இல், முப்பது வயதில், இந்நோய் கண்ட பிறகும் 2003 வரை விளையாடினார். இன்றும் மேடையில் அதைப் பற்றிப் பேசுகிறார். ஒளிவுமறைவு இல்லாத அந்த வழியும் இருக்கிறது என்பதைப் பிள்ளைகள் அறிந்திருப்பது நல்லது.

நம் வீடுகளில் மறைக்கச் சொல்பவர்கள் பெரும்பாலும் பெரியவர்களே. “பொம்பளப் புள்ள, நாளைக்கு யாரு கட்டுவா? வெளிய சொல்லாதே” என்று பாட்டி வாயை அடைத்துவிடுவார். பாட்டியின் பயம் காரணமில்லாத பயமல்ல. ஆனால் தோழிக்கும் ஆசிரியருக்கும் தெரியாமல் இருந்தால், இரத்தத்தில் சர்க்கரை 4 மில்லிமோலுக்குக் கீழே இறங்கும் வேளையில் உதவ ஆளில்லை. கை நடுங்கும், வியர்க்கும், எரிச்சல் வரும், பேச்சு குழறும். விஷயம் தெரியாத கட்டொழுங்கு ஆசிரியர் அதைத் திமிர் என்றே எடுத்துக்கொள்வார். தெரிந்தவரோ 15 கிராம் குளுக்கோஸைக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி இரத்தம் பார்க்கச் சொல்வார். வகுப்பில் ஒருமுறை மயங்கி விழுந்த பிள்ளை, மறுபடி விழுந்துவிடுவோமோ என்று பயந்து வேண்டுமென்றே இன்சுலினைக் குறைத்துக்கொள்வதும் நடக்கிறது. உடல் மெலிய வேண்டும் என்பதற்காகக் குறைப்பவர்களும் உண்டு. இது மிகவும் ஆபத்தானது. திட்டித் தீர்க்கக்கூடியதும் அல்ல.

அப்படியானால் பெற்றோர் விலகி நிற்பதா? “பெரிய பிள்ளை ஆயிட்ட, இனி நீயே பார்த்துக்க” என்று பொறுப்பை ஒரேயடியாகக் கைமாற்றுவது இன்னொரு தவறு. பாஸ்டனில் உள்ள ஜோஸ்லின் நீரிழிவு மையம் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், 10 முதல் 15 வயது வரையிலான பிள்ளைகளோடு பெற்றோரும் சேர்ந்து ஊசி, சோதனை வேலைகளைப் பகிர்ந்துகொண்ட குடும்பங்களில் சண்டை குறைந்தது, பெற்றோரின் பங்கும் விட்டுப்போகவில்லை. பகிர்வது என்றால் மேற்பார்வை பார்ப்பதல்ல. அம்மா இரவு ஷிப்ட் போகும் வாரத்தில் படுக்கும் முன் போடும் ஊசி அப்பாவின் பொறுப்பு, பென்னில் ஊசி மாட்டுவது அண்ணனின் வேலை என்கிற மாதிரிச் சின்ன ஏற்பாடு போதும். எண் ஏறியிருந்தால் “ஏன்?” என்பதற்குப் பதில் “இப்போ என்ன செய்யலாம்?” என்று கேட்டுப் பார்க்கலாம்.

இத்தனைக்குப் பிறகும் பிள்ளை தூக்கமின்றி, நண்பர்களைத் தவிர்த்து, பிடித்த விளையாட்டையும் விட்டுவிட்டு வாரக்கணக்கில் முடங்கிக் கிடந்தால் மருத்துவரிடம் சொல்லியே ஆகவேண்டும். இந்நோயுள்ள பிள்ளைகளின் மனநிலையைப் பன்னிரண்டு வயதிலிருந்தே தவறாமல் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது அனைத்துலக மருத்துவர்களின் பரிந்துரை. பிள்ளைகளின் முதல் வகை நீரிழிவுக்கென்று நம் சுகாதார அமைச்சு 2015-இல் தனி வழிகாட்டியே வெளியிட்டிருக்கிறது. சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனைக்குப் போகும் நாளில் “இவளுக்கு மனசு சரியில்லை” என்று பெற்றோர் வாய்விட்டுச் சொன்னால், மனநல ஆலோசகரிடம் அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை.

பிள்ளை சில நிமிடம் தனியாக மருத்துவரிடம் பேசட்டும் என்று பல இடங்களில் கேட்டுக்கொள்கிறார்கள். முதல் தடவை அம்மாவுக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும். அந்தப் பத்து நிமிடத்தில் கேண்டீனுக்குப் போய் ஒரு தே குடித்துவிட்டு வரலாம்.