சென்னை – யாழ்ப்பாணம் வானூர்தி நிலையங்களுக்கு இடையிலான தொலைவும் பயண நேரமும்

சென்னை பன்னாட்டு வானூர்தி நிலையத்துக்கும் இலங்கையின் யாழ்ப்பாணம் பன்னாட்டு வானூர்தி நிலையத்துக்கும் இடையிலான நேர்கோட்டுத் தொலைவு ஏறத்தாழ 355 கிலோமீட்டர் ஆகும். யாழ்ப்பாண நிலையம் நகருக்கு வடக்கே ஏறத்தாழ 16 கி.மீ. தொலைவில் பலாலியில் அமைந்துள்ளது. இரு நிலையங்களும் 80 பாகை கிழக்கு நெடுங்கோட்டை ஒட்டியே இருப்பதால், சென்னையிலிருந்து ஏறத்தாழ நேர் தெற்கே பறந்தால் பலாலியை அடையலாம்.

பயண நேரம்

இத்தடத்தில் ஏடிஆர் 72 வகைச் சிறிய வானூர்திகள் பறக்கின்றன. இவற்றின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 500 கி.மீ. அக்கணக்கில் முக்கால் மணி நேரம் போதும். ஆயினும் அட்டவணையில் ஒன்றேகால் மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை குறிக்கப்படுகிறது. தரிப்பிடத்திலிருந்து புறப்பட்டு ஓடுபாதையை அடைவது, மெல்ல மேலேறுவது, இறங்குவதற்காக வேகத்தைக் குறைப்பது ஆகியவையும் அந்நேரத்தில் அடங்கும். திருச்சிராப்பள்ளியிலிருந்து பலாலி ஏறத்தாழ 185 கி.மீ. மட்டுமே; தொலைவு பாதியாக இருந்தும் பயண நேரம் பாதியாகக் குறையாததற்கு இதுவே காரணம்.

இந்தியாவும் இலங்கையும் ஒரே நேர வலயத்தில் உள்ளன. எனவே பயணச்சீட்டில் உள்ள இரு நேரங்களையும் நேரடியாகக் கழித்துப் பயண நேரத்தை அறியலாம். பன்னாட்டுப் பயணம் என்பதால் குடிவரவு, சுங்கச் சோதனைகளுக்கான நேரத்தையும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

கொழும்பு வழி

நேரடிச் சேவை இல்லாத காலத்தில் சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் செல்வோர் பெரும்பாலும் கொழும்பு வழியாகவே சென்றனர். சென்னையிலிருந்து கட்டுநாயக்க வானூர்தி நிலையம் ஏறத்தாழ 640 கி.மீ. தெற்கே உள்ளது. யாழ்ப்பாணத்தைத் தாண்டித் தெற்கே பறந்து, மீண்டும் 350 கி.மீ.க்கு மேல் சாலை வழியே வடக்கே திரும்ப வேண்டும். சாலைப் பயணத்துக்கு மட்டும் ஏறத்தாழ ஏழு மணி நேரம் ஆகும். மருத்துவத்துக்காகச் சென்னை வந்து திரும்பும் முதியவருக்கு இது ஒரு முழு நாள் அலைச்சல்.

வரலாறு

பலாலி வான்தளம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய வான்படையால் அமைக்கப்பட்டது. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் வானூர்தி இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகவே சென்னைக்குப் பறந்தது. பின்னர் உள்நாட்டுப் போர்க் காலத்தில் பலாலி உயர் பாதுகாப்பு வலயமானது; சுற்றியிருந்த ஊர்களின் மக்கள் இடம்பெயர்ந்தனர்.

2019 அக்டோபர் 17 அன்று பலாலி பன்னாட்டு நிலையமாகத் திறக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் அலையன்ஸ் ஏர் சென்னைச் சேவையைத் தொடங்கியது. கொரோனாப் பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் நின்ற இச்சேவை, 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. இண்டிகோ நிறுவனம் 2024 செப்டம்பரில் சென்னையிலிருந்தும், 2025 மார்ச் இறுதியில் திருச்சிராப்பள்ளியிலிருந்தும் சேவைகளைத் தொடங்கியது.

இரு நிலையங்களுக்கும் இடையிலான தொலைவு என்றும் மாறியதில்லை. நேரடிச் சேவை உள்ளபோது ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியும் பயணம், அது நின்றபோதெல்லாம் ஒரு நாள் பயணமாக நீண்டது.