சோளகம் மழையாகும் சலாலா

கோடையில் டுபாயிலும் அபுதாபியிலும் வெயில் நாற்பது பாகையைத் தாண்டுகிறது. மழைநீங்காப் பசுமைக்காக ஸ்பெயினின் வடகரையிலுள்ள பாஸ்க் நாடுவரை செல்வோர் செல்லட்டும். நமக்கு ஓமானின் தென்கரையிலுள்ள சலாலா அருகிலுண்டு.

யாழ்ப்பாணத்திற் புழுதி கிளப்பும் அதே சோளகம், யூன் பிற்பகுதி முதல் செப்டெம்பர் வரை தோபார் மலைகளிற் தூறலாகவும் மூடுபனியாகவும் இறங்குகிறது. கரீஃப் என்பது அப்பருவத்தின் பெயர். எங்கும் தென்னை, வாழை, பப்பாசி, வீதியோரத்தில் இளநீர். ஊர் ஒழுங்கையொன்றில் நிற்பதாகவே மயங்கினேன்.

ஐரோப்பாவில் ஒருவர், வளைகுடாவில் ஒருவர் எனப் பிரிந்த குடும்பங்கள் ஒன்றுகூட ஏற்ற இடம். ஆயினும் முதலிற் கவனிக்கவேண்டியது விமானச்சீட்டன்று. 1951 ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் ஓமானும் ஐக்கிய அரபு இராச்சியமும் இணையவில்லை. அகதிகளுக்கான பிரயாணப் பத்திரத்தை அவை கடவுச்சீட்டாக ஏற்குமென எண்ணிவிடலாகாது. நானறிந்த தாயொருவர் மகனுக்காகக் காத்திருந்தார். மகனோ புறப்பட்ட விமான நிலையத்திலேயே மறிக்கப்பட்டான். பன்னிரண்டு ஆண்டுப் பிரிவு அவ்வாறே நீண்டது. தூதரகத்தின் மறுமொழியை எழுத்திற் பெற்ற பின்னரே பணம் கட்டுக.

டுபாயிலிருந்து தரைவழி ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல், பெரும்பாலும் பாலை. வாகனத்துக்கு ஓமானில் செல்லுபடியாகும் காப்புறுதி வேண்டும். இடையில் ஓரிரவு தங்குதல் நன்று. பனிமூட்டத்தில் ஒட்டகங்கள் வீதியில் நிற்கும். கடல் அப்பருவத்திற் கொந்தளிக்கும்; 2022 யூலையில் முக்சைல் கரையில் நின்றோரை அலை அள்ளிச் சென்றது. பிள்ளைகளைப் பாறைப் பக்கம் விடாதீர்கள்.

யூலை, ஓகஸ்டில் விடுதிகள் நிரம்பிவிடும். விசா மறுக்கப்பட்டால் பணம் மீளத்தரும் அறையையே ஒழுங்குசெய்க.