புதுக்கடைக் கோவைகளில் பூட்டனைத் தேடுதல்

1983 கலவரத்தில் எரிந்த வெள்ளவத்தை வீடுகளோடு பிறப்புச் சான்றிதழ்களும் காணி உறுதிகளும் சாம்பலாயின. அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று பூட்டன், பூட்டி பெயர் கேட்டு அலைகிறார்கள். அவர்கள் பார்க்கவேண்டிய ஓர் இடம், இறந்தவர்களின் சொத்து வழக்குக் கோவைகள் இருக்கும் நீதிமன்றம்.

இங்கிலாந்தில் 1858 வரை மரணசாதனங்களை ஏற்று உறுதிப்படுத்தியவை திருச்சபை நீதிமன்றங்கள். ஷேக்ஸ்பியரின் 1616 மரணசாதனம்கூட கன்ரபரிப் பேராயரின் நீதிமன்றத்துக்கே போனது. கொழும்பில் திருச்சபை வைத்திருந்தது வேறு வகை ஏடு: ஒல்லாந்தர் காலப் பாடசாலைத் தோம்புகளில் உபாத்தியாயர்கள் ஞானஸ்நானமும் விவாகமும் எழுதிவைத்தார்கள். இறந்தவரின் சொத்து விவகாரம், பிரித்தானியரின் 1833 சாசனத்தோடு மாவட்ட நீதிமன்றங்களுக்கு வந்தது. கொட்டாஞ்சேனையிலிருந்து எட்டிய தூரத்தில், புதுக்கடையில், இன்றும் அந்த வழக்குகள் நடக்கின்றன.

மரணசாதனம் எழுதாமல் இறந்தவருக்கும் கோவை இருக்கலாம். சொத்தை நிர்வகிக்க அனுமதி கேட்பவர், உரித்தாளர் எல்லோரையும் மனுவில் பெயர் சொல்லிக் காட்டவேண்டும். மணமான மகள் கணவன் பெயரோடு வருவாள். தகப்பனுக்கு முன்பே இறந்த மகனுக்குப் பதிலாக அவன் பிள்ளைகள் நிற்பார்கள். மூன்று தலைமுறை ஒரே தாளில்!

எனக்கு மனுவைவிடச் சொத்து விபரப் பட்டியலே பெரிது. காணியின் பெயர், பரப்பு, உறுதி இலக்கம், அதை முடித்த நொத்தாரிசு, நாலு எல்லைக்கும் உரியவர்கள். பங்கு பிரித்த காணியென்றால் அந்த எல்லைக்காரர் பெரும்பாலும் சகோதரர், மச்சான்மார். யாழ்ப்பாணத்தவரென்றால் தேசவழமையும் கைகொடுக்கும். 1707 இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் எழுத்தில் தொகுத்த அந்த வழமை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்தைப் பிரிக்கிறது. ஒரு வளவு முதுசமென்றால் அது முன்னோர் வழி வந்தது. அதன் பழைய உறுதியைப் பிடித்தால் இன்னொரு தலைமுறை மேலே போகலாம். சீதனமென்றால் தேடல் பெண்வழிக்குத் திரும்பவேண்டும்.

தேடுமுன் இறந்த ஆண்டையும் கடைசியாகக் குடியிருந்த ஊரையும் கேட்டறியுங்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்தவரானாலும் வெள்ளவத்தையில் இருந்து கண்மூடியிருந்தால் முதலில் கொழும்புக் கோவைகளைப் பாருங்கள். மரணசாதனம் கிடைத்தால் கடைசிப் பக்கத்தை விட்டுவிடாதீர்கள். 1840 ஆம் ஆண்டுச் சட்டப்படி நொத்தாரிசு முன் எழுதினால் இரண்டு சாட்சி, நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து சாட்சி வேண்டும். அந்த ஐந்து பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். அயலவரோ கூட்டாளியோ, அடுத்துக் கதவு தட்டவேண்டிய வீடுகள் அவர்களுடையவை.