உங்களுக்குத் தெரியுமா? தண்ணீர் வருமுன் ஒரு பை

● 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில், திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் மட்டும் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு வருடம் முழுக்கப் பெய்வதில் ஏறத்தாழ பாதி இது. வீட்டுக்குள் தண்ணீர் ஏறிய பிறகு பீரோ சாவியைத் தேட யாருக்கும் நேரம் இருப்பதில்லை. ஐப்பசி பிறக்கும்போதே அவசரப் பையைக் கட்டி வைத்துவிட வேண்டும்.

● மழை விட்டதும் பையைப் பிரித்துவிடாதீர்கள். டிசம்பர் 2 விடியற்காலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை தண்ணீர் திறந்தார்கள். அணை இருப்பது திருவண்ணாமலை மாவட்டத்தில். வெள்ளம் தாக்கியதோ விழுப்புரம், கடலூர் மாவட்டத்துத் தென்பெண்ணைக் கரை ஊர்களை. அதற்கு முன் மழை வெளுத்து வாங்கியதோ மேலே கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில்! நம் தெரு வானத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. சாத்தனூர், வீடூர் அணைகளின் நீர்மட்டச் செய்தியைப் பாருங்கள்.

● அதே நாளில் விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே பாலத்தைத் தொட்டு வெள்ளம் ஓட, ரயில்கள் நின்றன. அரசூரில் திருச்சி நெடுஞ்சாலையிலேயே தண்ணீர். விழுப்புரத்துக்கு வடக்கே ரயில் இல்லை, தெற்கே பஸ் இல்லை. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை நம்பியிருக்கும் பிரஷர், சுகர்க்காரர்கள் ஒரு வாரத்துக்கான மாத்திரையையும் டாக்டர் சீட்டின் நகலையும் பையில் போட்டே ஆக வேண்டும்.

● கரண்ட் போய் ஃப்ரிட்ஜ் நின்றால் இன்சுலின் வீணாகிவிடும் என்று பயப்பட வேண்டாம். பயன்பாட்டில் இருக்கும் இன்சுலின் பெரும்பாலும் நான்கு வாரம் வரை வெளியில் தாங்கும். வெயிலும் சூடும் படக் கூடாது, அவ்வளவுதான். ஈர மணலில் வைத்த சின்ன மண்பானை போதும். பானைக்குள் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள்.

● பையில் அதிக இடம் பிடிக்க வேண்டியது துணி இல்லை, காகிதம். பத்திரம், பட்டா, டி.சி., மார்க் ஷீட், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக், நகைக்கடன் ரசீது (இதைத்தான் எல்லோரும் மறப்பார்கள்). பழைய பத்திரங்களில் மைப்பேனாவில் எழுதியது நனைந்தால் கரைந்தோடலாம். பால்பாயிண்ட் எழுத்து ஓரளவு தாங்கும். ஜெராக்ஸ், லேசர் பிரிண்ட் எழுத்து கலையாது. இங்க்ஜெட் பிரிண்ட் எடுத்த நகல் கரைந்து குழம்பாகிவிடலாம். எல்லாவற்றையும் இரண்டு ஜிப் கவர்களில், ஒன்றுக்குள் ஒன்றாக வையுங்கள். அதற்காக மார்க் ஷீட்டை லேமினேஷன் செய்துவிடாதீர்கள். பிள்ளை வெளிநாட்டு வேலைக்குப் போகும்போது சான்றொப்பத்துக்கு அதுவே முட்டுக்கட்டையாகும்.

● தாள்கள் நனைந்தே போயினவா? பிய்த்துப் பிரிக்காமல், வெயிலில் போடாமல், இஸ்திரி தேய்க்காமல் நிழலில் காற்றாட விடுங்கள். இரண்டு நாள் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும். அரசுத் துறைகள் டிஜிலாக்கரில் வழங்கிய ஆவணத்துக்குச் சட்டப்படி அசலின் மதிப்பு உண்டு; நாமே படம் எடுத்து ஏற்றியதற்கு இல்லை. ஃபெஞ்சலில் ஆதார், ரேஷன் கார்டை இழந்தவர்களுக்கு மாநில அரசு சிறப்பு முகாம் அறிவித்தது. சொத்துப் பத்திரம் தொலைந்தால் கதை வேறு: சார்பதிவாளர் அலுவலகம், காவல் நிலையம், பத்திரிகை விளம்பரம் என்று அலைய வேண்டும்.

● டவர் போனால் ஜிபே இல்லை, ஏ.டி.எம். இல்லை. 10, 20, 50 ரூபாய்த் தாள்களாகக் கொஞ்சம் வையுங்கள். கிழிந்துபோனாலும் வங்கியில் மாற்றலாம். ரிசர்வ் வங்கி விதிப்படி, 50 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நோட்டில் 80 சதவீதத்துக்கு மேல் பரப்பு மிஞ்சியிருந்தால் முழுப்பணம். 40 முதல் 80 வரை என்றால் பாதிப்பணம். அதற்கும் கீழே என்றால் ஒன்றும் கிடையாது.

● ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணீருக்கு. சின்னது 200 மில்லிக்கு. பாதிப் பாக்கெட்டை டம்ளரில் கொட்டிக் கலக்குவதெல்லாம் கூடாது. கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் குடித்துவிட வேண்டும்.

● ஜப்பானியர் அவசரப் பையில் ஒரு விசில் இருக்கும். கத்திக் கத்தித் தொண்டை வறண்ட பிறகும் ஊத முடியும் அல்லவா! மாடியில் மாட்டிக்கொண்டவருக்குப் படகுக்காரரைக் கூப்பிட இது உதவும். மலிவாகவே கிடைக்கும்.

● மாவட்டப் பேரிடர் எண் 1077, மாநில எண் 1070. போன் சார்ஜ் போனால் எண்ணும் போய்விடும். தாளில் எழுதிப் பைக்குள் போடுங்கள். பிள்ளைகள் சட்டைப்பையிலும் ஒரு சீட்டு, அப்பா அம்மா நம்பரோடு. போன் பேச முடியாத நேரத்திலும் எஸ்.எம்.எஸ். சில சமயம் போய்ச் சேரும்.

● மாட்டுக்குப் பை இல்லை. கிளம்பும்போது கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். கட்டுத்தறியில் கட்டிக்கிடந்தால் நீந்திப் பிழைக்கவும் வழியில்லை. காதுவில்லையில் இருக்கும் 12 இலக்க எண்ணைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்; நிவாரணம் கேட்கும்போது உதவும். ஃபெஞ்சலில் இறந்த பசு, எருமைக்கு அரசு அறிவித்த நிவாரணம் 37,500 ரூபாய். வெள்ளாடு, செம்மறிக்கு 4,000. கோழிக்கு 100.