செய்திக்கும் வேண்டும் ஸ்டெப்னி!
வாட்ஸ்அப் நின்று போனால் குரல் எங்கே போகும்?

சேலம் மாவட்டத்தில் சங்ககிரி. நாமக்கல் மாவட்டத்தில் நாமக்கல், திருச்செங்கோடு. மூன்றும் லாரித் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர்கள்.

முட்டை ஏற்றிய லாரியும், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியும் இங்கிருந்து வெளியூருக்கும் வெளிமாநிலத்துக்கும் போகின்றன. வண்டியோடு போனவர் வீடு திரும்பப் பல நாட்கள் ஆகும்.

அதுவரை குடும்பத்துக்குத் தெம்பு தருவது எது? செல்போனில் வரும் குரல்தான்!

"வந்து சேர்ந்து விட்டேன். நாளை மறுநாள் கிளம்புவேன்" என்று அவர் பேசி அனுப்புகிறார். வீட்டில் இருப்பவர்கள் வேலை முடிந்த பிறகு கேட்டுக் கொள்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் இது பெரிய வசதி.

அந்த வசதி திடீரென்று நின்று விட்டால்?

உண்மையிலேயே அப்படி ஒரு நாள் நின்றது.

உலகமே திகைத்தது

2021-ம் ஆண்டு அக்டோபர் 4-ந் தேதி, திங்கட்கிழமை. இரவு 9 மணிக்கு மேல் வாட்ஸ்அப் வேலை செய்யவில்லை. இங்கே மட்டும் அல்ல, உலகம் முழுவதும்!

"பேஸ்புக்கில் அனுப்பலாம்" என்று பார்த்தால், அதுவும் நின்று போயிருந்தது. இன்ஸ்டாகிராமும் அப்படியே. காரணம், மூன்றும் ஒரே கம்பெனிக்குச் சொந்தமானவை.

பராமரிப்பு வேலையின்போது கொடுத்த ஒரு கட்டளை, அந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டர் நிலையங்களை இணைக்கும் தொடர்பைத் துண்டித்து விட்டது. பழுது பார்க்கும் கருவிகளும் அதே தொடர்பை நம்பியே இருந்தன. அவையும் வேலை செய்யவில்லை! என்ஜினீயர்கள் நேரில் போய்ச் சரி செய்ய வேண்டியதாயிற்று.

மறுபடி வேலை செய்ய 6 மணி நேரம் ஆகி விட்டது.

குரல் எங்கே இருக்கிறது?

குரல் செய்தி முதலில் சர்வர் என்ற பெரிய கம்ப்யூட்டருக்குப் போகிறது. அது தபால் ஆபீஸ் மாதிரி. அங்கிருந்துதான் வீட்டுக்கு வருகிறது. வாங்க வேண்டிய போன் அணைந்திருந்தால், 30 நாள் வரை அங்கேயே காத்திருக்கும்.

அனுப்பியவரின் போனில் விழும் குறியைப் பார்த்தால் விஷயம் புரியும்.

கடிகாரக் குறி என்றால், செய்தி இன்னும் அவர் போனை விட்டே கிளம்பவில்லை.

ஒரு டிக் என்றால், சர்வருக்குப் போய் விட்டது.

இரண்டு டிக் என்றால், வீட்டுப் போனுக்கு வந்து விட்டது.

போனில் வந்து இறங்கிய குரலை, சர்வர் நின்றாலும் கேட்கலாம். இன்டர்நெட் இல்லாமலும் கேட்கலாம். சர்வரில் நிற்கும் குரலுக்கோ காத்திருக்கத்தான் வேண்டும்.

அவசரப்பட்டு வாட்ஸ்அப்பைப் போனில் இருந்து அழித்து விடக் கூடாது! பிரதி எடுத்து வைக்காத பழைய குரல்களும் அதோடு போய் விடும்.

டெலிபோன் கம்பெனிகளின் வாய்ஸ் மெயில் என்ற ஏற்பாடு வேறு விதம். அதில் குரல் கம்பெனியின் கம்ப்யூட்டரிலேயே இருக்கும். நம்பரைச் சுழற்றித்தான் கேட்க வேண்டும். அந்தக் கம்ப்யூட்டர் நின்றால், பழைய குரலையும் கேட்க முடியாது.

இரண்டாவது வழி

ஸ்டெப்னி டயர் இல்லாமல் லாரியை வெளியூருக்கு எடுப்பார்களா? செய்திக்கும் ஒரு ஸ்டெப்னி வேண்டும். அது வேறு வழியில் போவதாக இருக்க வேண்டும்.

முன்பு அவசரத்துக்குத் தந்தி இருந்தது. 2013-ம் ஆண்டு ஜூலையில் அது நின்று விட்டது. இன்று கையில் இருப்பவை இரண்டு: சாதாரண போன் பேச்சு, எஸ்.எம்.எஸ்.

எஸ்.எம்.எஸ். டெலிபோன் கம்பெனியின் வழியாகப் போகிறது. வாட்ஸ்அப் சர்வர் அதற்குத் தேவை இல்லை. இன்டர்நெட்டும் வேண்டாம். போன் அணைந்திருந்தால் கம்பெனி கொஞ்ச காலம் வைத்திருந்து, பிறகு கொடுக்கும்.

படிக்கத் தெரியாதவருக்கு என்ன வழி? மிஸ்டு கால்! "ஒரு தடவை அடித்தால் நலம், இரண்டு தடவை அடித்தால் உடனே கூப்பிடு" என்று முன்கூட்டியே பேசி வைத்துக் கொள்ளலாம். காசும் செலவு இல்லை.

இன்னொன்று: டிரைவர், கிளீனர், லாரி உரிமையாளர், லாரி ஆபீஸ் ஆகிய நம்பர்களை ஒரு தாளில் பெரிதாக எழுதி, காலண்டர் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். செல்போனே பழுதானாலும், பக்கத்து வீட்டுப் போனில் இருந்து பேசலாம்.

வண்டி கிளம்புவதற்கு முன்பே இதைச் செய்து விடுங்கள்!