பழைய காருக்குக் கெட்டி ஆயில்தான் மருந்தா?

சென்னை ஜி.பி. ரோட்டில் ஏதாவது ஒரு கடையில் போய் நின்று, 'பழைய காருக்கு இன்ஜின் ஆயில் வேணும்' என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரரின் கை தானாக 20டபிள்யூ-50 டப்பாவுக்குத்தான் போகும். என்ன கார், எவ்வளவு ஓடியிருக்கிறது, புகை தள்ளுகிறதா என்று பெரும்பாலும் கேட்கமாட்டார். வண்டி பழசு, உள்ளே தேய்ந்திருக்கும், கெட்டி ஆயில் ஊற்று. ஊர் முழுக்க இதுதான் கணக்கு. அம்பாசடருக்கு இந்தக் கணக்கு ஓரளவு சரியாகவே வந்துவிடுகிறது. இருபது வயதான இன்ஜெக்‌ஷன் மாருதி 800க்கும் ஹோண்டா சிட்டிக்கும் இதையே போடும்போது இன்ஜினுக்குக் கெடுதல் செய்கிறோம். ஆயிலின் கெட்டித்தன்மையை வண்டியின் வயதை வைத்து முடிவு செய்யவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

டப்பாவில் இருக்கும் இரண்டு எண்களில், டபிள்யூ ஒட்டியிருக்கும் முதல் எண் குளிருக்கானது. 20டபிள்யூ என்று முத்திரை குத்த, மைனஸ் 15 டிகிரியில் கிராங்க் சுற்ற விடும் அளவுக்கு ஆயில் இளகியிருந்தால் போதும். 5டபிள்யூ இதே சோதனையில் மைனஸ் 30 டிகிரியில் தேற வேண்டும். ஊட்டியில் உறைபனி விழும் ஜனவரிக் காலையிலும் வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டித்தான் இருக்கும். எனவே ஆயில் இறுகி வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போகும் என்ற பயம் தமிழ்நாட்டில் யாருக்கும் வேண்டாம். அதனாலேயே முதல் எண்ணை நாம் கண்டுகொள்வதில்லை. ஆனால் 40 டிகிரியில் அளந்தால் சாதாரண 20டபிள்யூ-50 ஆயிலின் கெட்டித்தன்மை சுமார் 160 செண்டிஸ்டோக். 5டபிள்யூ-30 ஆயிலுக்கு அறுபது சொச்சம்தான். நம் ஊர் விடியற்காலைச் சூட்டில் இந்த இடைவெளி இன்னும் அதிகம். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் சாவியைத் திருப்பியதும் ஆயில் இன்ஜினின் அடித்தொட்டியான சம்ப்பிலிருந்து கேம் ஷாஃப்ட் வரை ஏற வேண்டும். கெட்டி ஆயிலுக்கு அதற்கு நேரம் கூடுதலாகப் பிடிக்கும். அந்தச் சில நொடிகளில் உலோகத்தோடு உலோகம் உரசுகிறது.

இரண்டாவது எண், 100 டிகிரியில் ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதைச் சொல்கிறது. எஸ்ஏஇ அமைப்பின் அளவுகோல்படி 9.3 முதல் 12.5 செண்டிஸ்டோக் வரை 30 என்ற வகை, 16.3 வரை 40, 21.9 வரை 50. ஒவ்வொன்றும் ஓர் அகலமான வரம்பு. ஒரு கம்பெனியின் 40, இன்னொரு கம்பெனியின் 50ஐ விடக் கொஞ்சம்தான் இளகலாக இருக்கலாம்.

'வேலூர் வெயிலுக்கு 50 போட்டாதான் சார் தாங்கும்' என்று சொல்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். வெளியே 42 டிகிரி அடித்தாலும், கூலிங் சிஸ்டம் ஒழுங்காக இருந்தால் தெர்மோஸ்டாட் இன்ஜினை எண்பது, தொண்ணூறு டிகிரியை ஒட்டியே பிடித்து வைத்திருக்கும். ஆயில் அதற்குக் கொஞ்சம் மேலே. ரேடியேட்டர் அடைத்துப்போய் ஆயில் கொதிக்கிறது என்றால் ரேடியேட்டரைச் சுத்தம் செய்ய வேண்டும். நம் ஒர்க்‌ஷாப்களில் தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறியும் பழக்கம் வேறு இருக்கிறது. அப்படிப்பட்ட வண்டியைப் பக்கத்துத் தெருவுக்கு மட்டும் எடுத்துப் போய் வந்தால் இன்ஜின் சூடேறுவதே இல்லை. ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாகிப் போகாமல் உள்ளேயே தங்கிச் சேறாகிறது. அந்த இன்ஜினுக்குக் கெட்டி ஆயில் இரட்டைத் தண்டனை.

கிராங்க் ஷாஃப்ட்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே விடப்படும் இடைவெளி பல இன்ஜின்களில் 0.025 முதல் 0.05 மில்லிமீட்டர், அதாவது தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. ஆயில் அதற்குள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், வழுக்க மட்டுமல்ல, சூட்டை அள்ளிக்கொண்டு வெளியேறவும். ஆயில் தேவைக்கு மேல் கெட்டியானால் பம்ப் திணறும். ரிலீஃப் வால்வ் திறந்து ஆயிலின் ஒரு பங்கைச் சம்ப்புக்கே திருப்பி அனுப்பும். மீட்டரில் அழுத்தம் ஏறியிருக்கும். பேரிங்குக்குப் போய்ச் சேரும் ஆயில் குறைந்திருக்கும். காலையில் அழுத்த முள் உச்சத்தில் நிற்பதைப் பார்த்து 'ஆஹா' என்று மகிழ்கிறவர்கள் உண்டு. மகிழ வேண்டிய விஷயமே இல்லை அது.

சரி, அம்பாசடருக்கு மட்டும் ஏன் 20டபிள்யூ-50 பொருந்துகிறது? அதன் 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் பிரிட்டனின் பிஎம்சி வடிவமைத்தது. அதே பிஎம்சி 1959ல் கொண்டுவந்த மினி காரில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரே ஆயில். ஆயிலைச் சூட்டில் இளகாமல் பிடித்து வைக்கும் பாலிமர்களை கியர் பற்கள் நறுக்கித் தள்ளிவிடும். அதைத் தாங்க மினிக்குக் கெட்டியான ஆயில் வேண்டியிருந்தது. 20டபிள்யூ-50 அந்த வண்டியோடு சேர்ந்து பேர் வாங்கியது. அம்பாசடருக்குக் கியர்பாக்ஸ் தனி. ஆனால் அதன் கேம் ஷாஃப்ட்டின் மேல் உரசுவது தட்டையான டாப்பெட். அந்த உரசலைத் தாங்க ஆயிலில் துத்தநாகமும் பாஸ்பரசும் கலந்த சேர்மானம் போதிய அளவு வேண்டும். பாஸ்பரஸ், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும் என்பதால் அமெரிக்க பெட்ரோலிய அமைப்பான ஏபிஐ 2004ல் கொண்டுவந்த எஸ்எம் தரம் முதல் 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற இளகல் ஆயில்களில் அதை 0.08 சதவீதத்துக்குள் அடக்கினார்கள். 20டபிள்யூ-50க்கும் 15டபிள்யூ-40க்கும் அந்த உச்சவரம்பு இல்லை. அம்பாசடருக்கும் 1089 சிசி பிரீமியர் பத்மினிக்கும் இந்த ஆயில்கள் நன்மை செய்வதற்குக் கெட்டித்தன்மையைப் போலவே இந்தச் சேர்மானமும் காரணம். சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புதுப் பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமானது 1995ல்தான். அதற்கு முந்தைய வண்டிகளுக்கு பாஸ்பரசால் கெட்டுப்போக அங்கே ஒன்றும் இல்லை.

நண்பர் ஒருவரின் பத்மினி, சூடேறி சிக்னலில் நிற்கும்போதெல்லாம் ஆயில் லைட்டை மினுக்கிக்கொண்டிருந்தது. 'பேரிங் போச்சு, இன்னும் கெட்டியா ஊத்துங்க' என்றார்கள். வயதான மெக்கானிக் ஒருவரிடம் காட்டினோம். அவர் டிப் ஸ்டிக்கை உருவி, துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தார். ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நின்றது. "தம்பி, ஆயில் குறையலையே, கூடியிருக்கே! மோந்து பாருங்க" என்று நீட்டினார். பெட்ரோல் நெடி மூக்கில் ஏறியது. இன்ஜின் பக்கவாட்டில் இருக்கும் பெட்ரோல் பம்ப்பின் டயஃப்ரம் கிழிந்து, பெட்ரோல் சொட்டுச் சொட்டாகச் சம்ப்பில் இறங்கியிருக்கிறது. "இதுல எந்த ஆயில ஊத்தினாலும் ஒரு வாரத்துல தண்ணியாயிடும்ணே" என்றார் நண்பரிடம். பம்ப்பைச் சரிசெய்து, புது ஆயிலும் ஃபில்டரும் மாற்றினார், பழைய அதே கிரேடில். லைட் அணைந்தது.

'ஆயில் குடிக்குது' என்ற புகாரும் இப்படித்தான். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்து நீலப் புகை வந்து பிறகு நின்றுவிட்டால் பெரும்பாலும் வால்வ் ஆயில் சீல் காய்ந்து இறுகியிருக்கும். காய்ந்த ரப்பரைக் கெட்டி ஆயில் குணப்படுத்தாது. மேடேறும்போதும் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போதும் விடாமல் புகைந்தால் ரிங், போர் பக்கம் சந்தேகப்பட வேண்டும். கம்ப்ரஷன் பார்த்து, சிலிண்டருக்குள் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்த்தால் தெரிந்துவிடும். அளவு சட்டென்று ஏறினால் கசிவு ரிங் வழியாக, ஏறாவிட்டால் வால்வ் பக்கம். சில சமயம் இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியே இழுக்கும் பிசிவி வால்வ் அடைத்திருப்பதுதான் முழுக் காரணமாக இருக்கும். அதைக் கழுவி மாட்டினால் தீர்ந்தது. 'புகை நிறுத்தும் மருந்து' என்று விற்கும் டப்பாக்களில் பெரும்பாலும் இருப்பது ஆயிலைக் கெட்டியாக்கும் பாலிமர். வண்டியை விற்கப்போகிறவருக்கு அது உதவும். வாங்குபவர் ஏமாறுவார்.

இவ்வளவும் பார்த்த பிறகும் தேய்மானம் உண்மைதான் என்று தெரிந்தால், இரண்டாவது எண்ணில் ஒரு படி ஏறலாம், 30லிருந்து 40க்கு. முதல் எண்ணை முடிந்தவரை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். கையேடு 5டபிள்யூ-30 சொல்கிறது என்றால் 5டபிள்யூ-40 நல்ல தேர்வு. ஹோண்டா சிட்டி விடெக் போன்ற வண்டிகளில் வால்வ் திறப்பை மாற்றும் அமைப்பே ஆயில் அழுத்தத்தில்தான் இயங்குகிறது. ஹைட்ராலிக் டாப்பெட் வண்டிகளும் இதே ரகம். இவற்றில் 20டபிள்யூ-50 ஊற்றுவதை நான் ஒருபோதும் சிபாரிசு செய்யமாட்டேன். அம்பாசடருக்கும் பத்மினிக்கும் 20டபிள்யூ-50 அல்லது 15டபிள்யூ-40, இரண்டுமே சரி. மாதம் நூறு கிலோமீட்டர்கூட ஓடாத வண்டியாக இருந்தால், எந்த கிரேடானாலும் வருஷத்துக்கு ஒருமுறை கண்டிப்பாக மாற்றிவிடுங்கள்.

கிரேடு ஏற்றுவதற்கு முன்பு மெக்கானிக்கிடம் ஒன்று கேளுங்கள். ஆயில் லைட்டின் ஸ்விட்சைக் கழற்றி, அந்த இடத்தில் அழுத்த மீட்டரை மாட்டி, அரை மணி நேரம் ஓட்டி நன்றாகச் சூடான பிறகு படிக்கச் சொல்லுங்கள். ஆயிரம் ஆர்பிஎம்முக்குப் பத்து பிஎஸ்ஐ என்பது பழைய மெக்கானிக்குகளின் கணக்கு. இரண்டாயிரத்தில் இருபதும் மூவாயிரத்தில் முப்பதும் காட்டினால் இப்போது ஊற்றும் ஆயிலே போதும். காட்டாவிட்டால் ஒரு படி ஏற்றிப் பாருங்கள். ஏற்றியும் முள் அசையவில்லை என்றால் சம்ப்பை இறக்கிப் பேரிங்கையும் பம்ப்பையும் பார்க்கும் நேரம் வந்துவிட்டது.