படுக்கையருகே ஒரு நண்பர்

ஊரை விட்டு வந்து புனேயில் குடியேறிய நம் குடும்பங்களில் நோய் என்று ஒன்று தலைகாட்டும்போது, அதற்கும் முன்னதாக வந்து நிற்பது ஒரு கேள்வி: யாரைக் கூப்பிடுவது? தஞ்சையிலோ நெல்லையிலோ இருந்திருந்தால் இக்கேள்வி எழாது. சித்தப்பாவும் அத்தையும் எதிர்வீட்டுக்காரரும் கூப்பிடாமலே வந்து திண்ணையில் அமர்ந்துவிடுவார்கள். இங்கேயோ, விடியற்காலையில் வெறும் வயிற்றோடு ரத்தப் பரிசோதனைக்குப் புறப்படுபவருக்குத் துணை யார், பரிசோதனையின் முடிவு வரும் வரையில் உள்ள நான்கு நாட்களை எவ்வாறு கழிப்பது, வந்த காகிதத்தில் உள்ள எண்களை யாரிடம் காட்டுவது என்பவை எல்லாம் தனித்தனிக் கவலைகளாகி விடுகின்றன.

இதே கேள்வி இதே நகரத்தில் நூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு நோயாளியிடம் கேட்கப்பட்டது. அவர் கூறிய விடையில் ஒரு தமிழரின் பெயரும் இருந்தது.

1922 மார்ச்சு 18-ஆம் தேதியன்று காந்தியடிகளுக்கு ஆறாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. சில நாட்களில் அவரை எரவாடாச் சிறைக்குக் கொண்டு வந்தனர். 1924 ஜனவரியில் அவருக்குக் கடும் வயிற்று வலியும் காய்ச்சலும் கண்டன. பரிசோதித்த கர்னல் மாடக் என்ற ஆங்கிலேய டாக்டர், குடல்வால் அழற்சி என்று முடிவு கட்டி, நோயாளியை ஸாஸூன் ஆஸ்பத்திரிக்கு மாற்றினார். ஜனவரி 12, சனிக்கிழமை. அன்றிரவே ரண சிகிச்சை செய்தாக வேண்டும். தாமதித்தால் உயிருக்கு ஆபத்து. தமக்குப் பழக்கமான டாக்டர் தலால், டாக்டர் ஜீவராஜ் மேத்தா ஆகியோர் வந்து பார்க்க வேண்டும் என்பது காந்தியடிகளின் விருப்பம். அவர்கள் வந்து சேரும் வரையில் காத்திருக்க நோய் இடங்கொடுக்கவில்லை. அப்படியானால் புனேயிலுள்ள நண்பர்களில் யாரை அழைக்கலாம் என்று கேட்டனர். அவர் சொன்ன பெயர்களில் டாக்டர் பாடக் ஒருவர். மற்றொருவர் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார்.

இந்தத் தேர்வைச் சற்று நின்று நோக்க வேண்டும். சாஸ்திரியார் கும்பகோணத்தை அடுத்த வலங்கைமானில் 1869 செப்டம்பர் 22-ஆம் தேதி பிறந்தவர்; காந்தியடிகளுக்குப் பத்தே நாள் மூத்தவர். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியராக இருந்தவர், அவ்வேலையை விட்டு 1907-ல் கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்து நம்மைப் போலவே புனேவாசியானார். 1915-ல் கோகலே மறைந்தபின் சங்கத்தின் தலைவரும் ஆனார். அவ்வாண்டில் காந்தியடிகள் அச்சங்கத்தில் சேர விரும்பியதும், உறுப்பினரிடையே கருத்து வேற்றுமை கண்டு தாமாகவே விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டதும் பலர் அறிந்தவை. அதற்குப்பின் இருவருடைய பாதைகளும் எதிரெதிராகவே சென்றன. ஒத்துழையாமை இயக்கத்தைச் சாஸ்திரியார் வெளிப்படையாகக் கண்டித்தார். காந்தியடிகளோ அவ்வியக்கத்தை முன்னிட்டே சிறையில் கிடந்தார். எனினும், கத்தி வைக்கும் வேளையில் பக்கத்தில் இருக்க வேண்டியவர் யார் என்று கேட்டபோது, கட்சிக்காரரைத் தேடாமல் இம்மனிதரின் பெயரையே அவர் சொன்னார்.

இரவு உணவு முடிகிற நேரத்தில் சாஸ்திரியாருக்குச் செய்தி எட்டியது. சங்க மனையிலிருந்து முட்டா ஆற்றைக் கடந்து, ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள ஆஸ்பத்திரிக்கு அவரும் டாக்டர் பாடக்கும் விரைந்தனர். அங்கே சாஸ்திரியார் செய்தவை மிகச் சில. ரண சிகிச்சையைப் பற்றித் தம் கருத்தைச் சொல்லவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று நோயாளியைக் கேட்டார். டாக்டர்கள் தீர்மானமாகச் சொல்லிவிட்டனர், அதற்குக் கட்டுப்படுகிறேன் என்னும் பொருள்பட விடை வந்தது. பிறகு, நோயாளியின் சம்மதத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டியிருந்தது. அக்காகிதம் வெறும் சடங்கன்று. அந்த இரவில் அசம்பாவிதம் நேர்ந்திருந்தால், ஆங்கிலேய டாக்டர் வேண்டுமென்றே கொன்றுவிட்டார் என்று நாடு முழுவதும் கொந்தளித்திருக்கும். டாக்டர்கள் அன்போடு கவனித்து வருகிறார்கள், கர்னல் மாடக்கிடம் முழு நம்பிக்கை இருக்கிறது, என் டாக்டர்கள் வரும் வரையில் காத்திருக்க நேரமில்லை என்னும் கருத்துக்களை அமைத்துச் சாஸ்திரியார் எழுத, காந்தியடிகள் மூக்குக் கண்ணாடியை அணிந்து படித்து, சில சொற்களைத் திருத்தி, நடுங்கும் கையால் ஒப்பமிட்டார். கை நடுங்குவதைத் தாமே டாக்டரிடம் காட்டிப் பேசினார்.

அதன்பின் சாஸ்திரியார் கேட்ட கேள்விதான் என் மனத்தில் மிகவும் தைப்பது. குறிப்பாகச் சொல்ல வேண்டியது ஏதேனும் உண்டா என்று கேட்டார். அதற்கென்றே காத்திருந்தவர் போலக் காந்தியடிகள் பேசினார்: இந்நோயைக் காரணமாகக் காட்டித் தம்மை விடுவிக்கக் கோரிக் கிளர்ச்சி எழுமாயின் அது முறையான வழியில் இருக்க வேண்டும், அரசாங்கத்தோடு தமக்குள்ள வழக்கு அப்படியேதான் இருக்கிறது. அரசியலில் தமக்கு எதிரணியில் நின்றவரிடம் இதை நம்பி ஒப்படைத்தார். அவரும் கேட்டுக்கொண்டார், அச்சமயத்தில் வாதிடவில்லை.

ரண சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போது இடியும் மழையும் வந்து மின்விளக்கு அணைந்தது. தாதி பிடித்திருந்த கைவிளக்கும் நின்றுபோயிற்று. இறுதியில் அரிக்கன் விளக்கின் வெளிச்சத்தில் வேலையை முடித்தார்கள். பிப்ரவரி 5-ஆம் தேதி அரசாங்கம் காந்தியடிகளை நிபந்தனையின்றி விடுதலை செய்தது. கைதி நோயுற்றான் என்பது விடுதலைக்குக் காரணமாகாது என்று அவர் அப்போதும் வருந்தி எழுதினார்.

குடல்வால் நோய் அந்நாளில் அற்பமானதன்று. 1902 ஜூன் 26-ஆம் தேதி நடக்கவிருந்த ஏழாம் எட்வர்டு மன்னரின் முடிசூட்டு விழாவே, இரண்டு நாள் முன்னதாக அவருக்குச் செய்ய நேர்ந்த இதே வகைச் சிகிச்சையால் ஆகஸ்டு மாதத்துக்குத் தள்ளிப் போயிற்று. பெனிசிலின் கண்டறியப்பட்டது 1928-ல். அது நோயாளிகளின் கைக்கு எட்டியது 1940-களில். அல்ட்ராசவுண்டும் சி.டி. ஸ்கேனும் மிகப் பிந்தியவை. 1924-ல் டாக்டரின் விரல்களும் அனுபவமுமே பெரும்பாலும் பரிசோதனைச் சாலை.

இன்று நிலைமை தலைகீழ். பரிசோதனைகளுக்குப் பஞ்சமில்லை, அவற்றைத் தாங்கிக்கொள்ளும் மனத்துக்குத்தான் பஞ்சம். ஒரு காகிதத்தில் முப்பது எண்கள் வருகின்றன. அவற்றுள் ஒன்று தடித்த எழுத்தில் இருந்தால் அன்றிரவு வீட்டில் யாருக்கும் உறக்கமில்லை. பெரும்பாலான பரிசோதனைகளில் ‘இயல்பான எல்லை’ என்று அச்சிடுவது, நல்ல உடல்நலம் உடையவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரின் அளவுகளை உள்ளடக்கிய எல்லை. அதாவது ஆரோக்கியமானவர்களிலும் இருபதில் ஒருவர் அதற்கு வெளியே விழுவார். இருபது பரிசோதனைகளை ஒருசேரச் செய்துகொள்ளும் திடகாத்திரமான மனிதருக்கு ஏதேனும் ஓர் எண் சற்றே விலகியிருப்பது வியப்பன்று. இதை டாக்டரிடம் கேட்டுத் தெளியலாம். நள்ளிரவில் கைப்பேசியைத் தடவித் தெளிய இயலாது.

துணை செல்பவர் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. வெறும் வயிற்றுச் சர்க்கரைக்கு எட்டு மணி நேரமாவது உணவின்றி இருக்க வேண்டும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி. பரிசோதனைக்கு அந்தப் பட்டினி தேவையில்லை. எம்.ஆர்.ஐ. குழாயினுள் பெரும் சத்தம் கேட்கும். உடலினுள் உலோகம் அல்லது இதய முடுக்கி பொருத்தப்பட்டிருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அதில் எக்ஸ்ரே கதிர் கிடையாது. சி.டி. ஸ்கேனில் உண்டு. மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி.க்கு முன்னர்ச் சிறுநீரகத்தின் நிலையையும் ஒவ்வாமையையும் கேட்பார்கள். திசுப் பரிசோதனையின் முடிவுக்குச் சில நாட்களாகும். அந்தத் தாமதத்துக்குக் கெட்ட செய்தி என்று பொருளில்லை. ஆஸ்பத்திரியில் உள்ள பதிவேடுகளின் நகலைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகள் கூறுகின்றன. இதை நம்மவரில் பலர் அறியார்.

மொழியின் சங்கடம் தனி. ஊரிலிருந்து வந்த பெரியவரிடம் தாதி, “சக்கர் யேதே கா?” என்று மராட்டியில் கேட்கிறாள். தலைசுற்றல் உண்டா என்பது கேள்வி. பெரியவர் காதில் விழுவது ‘சக்கரை’. “ஆமாம், பத்து வருஷமாய்” என்று தலையாட்டினால் குறிப்பேட்டில் என்ன ஏறும் என்று எண்ணிப் பாருங்கள்! ‘உபாஷி’ என்றால் வெறும் வயிறு, ‘லகவி’ என்றால் சிறுநீர் என்னும் அளவுக்காவது மராட்டி தெரிந்த ஒருவர் பக்கத்தில் நிற்பது பெரும் பேறு.

இப்படி நிற்பவர் உறவினராகத்தான் இருக்க வேண்டுமென்பதில்லை. முகம் அதிகம் பார்த்திராத நண்பர்கள் தொலைவிலிருந்தே நாள் தவறாமல் விசாரித்துத் தெம்பூட்டுவதை இன்று எத்தனையோ வீடுகளில் காண்கிறோம். 2010-ல் வெளியான ஓர் ஆராய்ச்சித் தொகுப்பு, 148 ஆய்வுகளையும் மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட மனிதர்களையும் ஒன்றுசேர்த்துப் பார்த்தது. சுற்றமும் நட்பும் வலுவாக உள்ளவர்கள் உயிரோடிருக்கும் வாய்ப்பு மற்றவர்களை விட ஏறத்தாழ ஐம்பது விழுக்காடு மிகுதி என்று அது கண்டது. நட்பு நோயைத் தீர்க்கும் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. கட்டியைக் கரைப்பது மருந்தும் கத்தியுமே. ஆனால் மருந்தை வேளை தவறாமல் உண்ணச் செய்வதும், தள்ளிப் போட்ட பரிசோதனைக்குக் கையைப் பிடித்து அழைத்துச் செல்வதும் நட்பின் வேலை.

அதே நட்பு தொல்லையாகவும் மாறக்கூடும். “என் மைத்துனருக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது” என்று தொடங்கும் கதைகளை நோயாளியின் காதில் போடுவோரைக் கூடத்திலேயே காப்பி கொடுத்து அனுப்பிவிடுவது நலம். கேட்காத கஷாயங்களைச் சொல்வோருக்கும் அவ்வாறே.

சாஸ்திரியார் பெரும் கடித எழுத்தாளர். அவருடைய கடிதங்களைத் திரட்டி 1944-ல் நூலாக்கியவர் தி. நா. ஜகதீசன். இளமையிலேயே தொழுநோய்க்கு ஆளானவர் அவர். அந்நாளில் அந்நோயின் பெயரைச் சொன்னாலே வீட்டுக் கதவுகள் சாத்தப்படும். சாஸ்திரியாருடைய கதவு சாத்தப்படவில்லை. அவருடைய கடிதங்களும் அந்த இளைஞரைத் தேடிச் சென்றன. ஜகதீசன் பின்னர்த் தொழுநோய்ப் பணிக்கே தம்மை ஒப்படைத்து, 1957-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

1946 ஜனவரியில் இந்தி பிரசார சபையின் விழாவுக்காகக் காந்தியடிகள் சென்னைக்கு வந்தார். அப்போது சாஸ்திரியார் அங்குள்ள ஜெனரல் ஆஸ்பத்திரியில் நோயாளியாகப் படுத்திருந்தார். இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப்பின் இம்முறை கட்டிலருகே வந்து அமர்ந்தவர் காந்தியடிகள். சாஸ்திரியார் அவ்வாண்டு ஏப்ரல் 17-ஆம் தேதி காலமானார்.